கற்பூரம் பட்ட படம்

எனக்கு வயது எண்பத்து மூன்று. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. மற்ற இரண்டும் என் மூத்தாரின், அதாவது என் புருஷனின் அண்ணனின், தாயில்லாப் பிள்ளைகள். என் கைச்சோற்றில் வளர்ந்தவை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த மூத்தாரைப் பற்றி நல்லதாக எதுவும் சொல்லப் போவதில்லை.

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் சாதிக்காரர்கள் எங்கள் பக்கத்துச் சாலைகளை மறித்த வருஷம் அது. என் புருஷனுக்கு நீர் சொட்டுச் சொட்டாகத்தான் பிரிந்தது. நீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பியில் புற்று என்று புதுச்சேரியில் சதையெடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் என்னிடம்தான் பேசினார்.

"கட்டி அந்தச் சுரப்பிக்குள்ளயே இருந்தா வெட்டி எடுத்துடலாம்மா. அதோட தோலைத் தாண்டி வெளிய போயிருந்தா நான் கத்தி வெக்க மாட்டேன். எதுன்னு தெரியணும். ஸ்கேன் எடுத்துட்டு வாங்க."

சென்னைப் பட்டணம் போய் எடுத்தோம். பெரிய கறுப்புப் படம், உள்ளே சாம்பல் நிறத்தில் வட்டம் வட்டமாக. எந்த வட்டம் எதுவென்று எனக்குத் தெரியவில்லை. அதில் ஒன்று உடைந்திருக்கிறதா இல்லையா என்பதில்தான் அவர் உயிர் இருந்தது. திங்கட்கிழமை டாக்டரிடம் காட்ட வேண்டுமென்று பரணில் பத்திரமாக வைத்தேன்.

மூத்தாருக்கு ஒரு வழக்கம். நிலப் பத்திரமோ, கல்யாணப் பத்திரிகையோ, புது மோட்டாரோ, எது வந்தாலும் மஞ்சள் குங்குமம் வைத்து அம்மன் முன்னால் காட்டிவிடுவார். நான் கழனிக்குப் போயிருந்த நேரம் படத்தையும் கோயிலுக்குக் கொண்டுபோய்விட்டார். பொட்டோடு விட்டிருந்தால் துடைத்திருப்பேன். நோய் எங்கே இருக்கிறதென்று தானே பார்த்துவிட, எரிகிற கற்பூரத்துக்கு மேலே படத்தைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். நடுவில் சுருண்டு பொத்தலாகிவிட்டது.

"இன்னா மாமா பண்ணி வெச்சிட்டீங்க?"

"அம்மாளே எடுத்துக்கினா. நோயும் அத்தோட போச்சுன்னு நெனச்சிக்கோ."

"அவ நோயை எடுத்துக்கினாளா, படத்தை எடுத்துக்கினாளா? அவ்ளோ நேரம் பாத்தீங்களே, உங்க கண்ணுக்கு இன்னா தெரிஞ்சிச்சு?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஸ்கேன் எடுத்த இடத்தில் படத்தோடு எழுதிக் கொடுத்த தாளை மட்டும் வைத்து அறுக்க முடியாது, படத்தை நானே பார்க்க வேண்டும் என்று டாக்டர் திருப்பி அனுப்பினார். மறுபடி பட்டணம் புறப்பட்டோம். வாடகைக் கார் கள்ளக்குறிச்சியைக்கூடத் தொடவில்லை. சாலையின் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. கோடாலியோடு அதன் மேல் நின்றவன் நான் வளர்த்த பெரியவன், மூத்தாரின் மகன்.

"வழி வுடுடா. உன் சித்தப்பாவ இட்டுக்கினு போறேன்."

"ஒரு வண்டிக்கு வுட்டா எல்லா வண்டிக்கும் வுடணும் சின்னம்மா. நம்ம வூட்டுப் புள்ளைங்க படிக்கத்தான் இம்மாம் பாடு."

"அதுங்க படிக்கட்டும். இந்த மனுசன் பொழைக்க வேணாமா?"

"நானா படத்தக் கொளுத்தனேன்? எங்கப்பனக் கேளு, போ."

கூட்டம் சிரித்தது. என் சோற்றைத் தின்ற வாய்தான் அது. என் புருஷன் காரை விட்டு இறங்கி, வெட்டிய மரத்துக்குப் பின்னால் போய் நீர் பிரிவதற்காக நெடுநேரம் நின்றார். அப்போதும் அவன் மரத்தை விட்டு இறங்கவில்லை. திரும்பி வந்தோம்.

மறியல் ஓய்ந்த பிறகுதான் இரண்டாவது படம் எடுக்க முடிந்தது. டாக்டர் அதை விளக்குப் பெட்டியில் மாட்டி விரலால் காட்டினார்.

"தாண்டிடுச்சும்மா. பக்கத்துல விந்துப்பை வரைக்கும் போயிருக்கு."

"மொதல்ல எடுத்தப்போ?"

"இது வாரக்கணக்குல தாண்டற நோய் இல்ல. அப்பவே தாண்டித்தான் இருந்திருக்கும்."

கத்தி வைக்கவில்லை. மருந்திலும் ஊசியிலும் சில வருஷம் இருந்துவிட்டுப் போனார்.

"டாக்டரே சொல்லிட்டாரு, எம்மேல தப்பில்ல" என்று மூத்தார் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். டாக்டர் சொன்னதை நானும் நம்புகிறேன். ஆனால் படத்தைச் சுட்டபோது மூத்தாருக்கு அது தெரியாது. மரத்தின் மேல் நின்றபோது அவர் மகனுக்கும் தெரியாது. தெரியாமல்தான் இருவரும் அந்த உயிரோடு விளையாடினார்கள். மூத்தார் செத்தபோது நான் வாய்க்கரிசி போடவில்லை. இன்றைக்கு என்றாலும் போடமாட்டேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் அந்தப் பெரியவனின் மகள். அந்த மறியலில் கிடைத்த சலுகையில் படித்தவள். "எங்கப்பாவப் பத்தி இவ்ளோ எழுதணுமா ஆயா?" என்கிறாள்.

எழுதியாயிற்று. எங்கே, முதலிலிருந்து படி. உன் அப்பன் மரத்தின் மேல் நிற்கிற இடத்தில் குரலைக் குறைக்காமல் படி.