ஹெல்ப்பை அமுக்கும்வே

தொண்ணூறுகளின் பிற்பாதியில் பேட்டையில் பம்பு உதிரிகள் செய்யும் ஒரு பட்டறையில் எனக்கு வேலை. அங்கே கம்ப்யூட்டரில் ஓடும் லேத் ஒன்றுதான் உண்டு. அதை ஓட்டத் தெரிந்தவரும் ஒருவர்தான். ஏரல்காரர், பெங்களூரில் பயிற்சி எடுத்து வந்தவர்.

அந்த மெஷின் திடீர் திடீரென்று நின்றுவிடும். திரையில் ஓர் அலாரம் எண் மின்னும். அவர் வந்து பார்த்தால்தான் மறுபடி ஓடும். அவர் அம்மை கண்டு படுத்தபோது மெஷினும் படுத்துக்கொண்டது. முதலாளி அதை மறக்கவில்லை.

அவர் திரும்பி வந்த அன்று முதலாளியின் பேச்சில் தேன் ஒழுகியது. "நீரு ஒத்தையா கெடந்து சாவுதீரு வே. பயலுவளுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடும்."

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எங்களை மெஷினைச் சுற்றி நிற்க வைத்து, கன்ட்ரோலரில் 'ஹெல்ப்' என்றிருந்த பொத்தானைக் காட்டினார்.

"அலாரம் வந்தா பயப்படாதீங்க. இதை அமுக்கி நம்பரை அடிங்க. என்ன கோளாறு, என்ன செய்யணும்னு இதுவே சொல்லும்."

வேண்டுமென்றே மெஷினின் வெட்டும் கருவியை எல்லை தாண்ட ஓட்டி அலாரம் வரவழைத்தார். திரையில் வந்த இங்கிலீஷை வரி வரியாகத் தமிழில் சொன்னார். அதன்படி அந்தக் கருவியை எதிர்ப்பக்கம் நகர்த்தும்படி என்னிடமே சொல்லி, ரீசெட்டை அமுக்க வைத்தார். மெஷின் ஓடியது. எல்லாரும் கைதட்டினோம். முதலாளிதான் பலமாகத் தட்டினார்.

அந்த வாரமே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

"எல்லாம் மெஷினே சொல்லும்னு நீருதான சொன்னீரு? பெறவு நீரு என்னத்துக்கு?"

மெஷினை என்னிடம் கொடுத்தார்கள்.

சில மாதம் கழித்து அவர் பட்டறைக்கு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். "பழைய லேத்துலயாவது நிக்கேன் அண்ணாச்சி" என்றார். முதலாளி அவர் தோளில் கைபோட்டு என் மெஷினுக்குக் கூட்டி வந்தார்.

"எங்கிட்ட என்னத்துக்குக் கேக்கீரு? இதுகிட்ட கேளும். ஹெல்ப்பை அமுக்கும்வே."

விளையாட்டு என்று நினைத்து அவர் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. அவர் அமுக்கினார். திரையில் மூன்று வரி வந்தது.

"வாசியும்."

"அலாரம் விவரம்… இயக்கும் முறை… பாராமீட்டர்…"

"இதுல உமக்கு வேலை எங்கன போட்டிருக்கு?"

பட்டறையே சிரித்தது. அவரோ அடுத்த பக்கத்துக்குப் போகும் பொத்தானையும் அமுக்கிப் பார்த்தார். என்னால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

"இல்லியா? அப்பம் கெளம்பும்."

மறு வருஷம் ஒரு கல்யாணத்துக்காக ஏரல் போனேன். கடைத்தெருவில் மிளகாய் அரைக்கும் மில்லில் அவர் நின்றிருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. என்னைக் கண்டதும் பதறி வெளியே வந்து, "நானா வேலைய விட்டேன்னுதான் வீட்டுல சொல்லியிருக்கேன். நீ ஒண்ணும் சொல்லிராத" என்றார்.

அதற்குள் அவர் மனைவி சோற்று வாளியோடு வந்துவிட்டாள். நான் எந்தப் பட்டறை என்று தெரிந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"இந்த மனுசனுக்கு ரோசம் வந்துட்டாம் தம்பி. ராசா மாதிரி வேலை. தூக்கி எறிஞ்சிட்டு வந்து, எம்பிள்ளையள மிளகாத்தூளத் திங்க வச்சிருக்காரு. மொதலாளி எம்புட்டு கெஞ்சினாராம், கேக்கலியே! நீங்களாவது சொல்லப்பிடாதா?"

அவர் வாளியை வாங்கிக்கொண்டு, தலை நிமிராமல் உள்ளே போனார்.

"சொன்னோம் மதினி, கேக்கல" என்றேன்.