எந்த ‘வரேன்’

என் மகனின் முதல் தனி ஆல்பத்தில் கடைசிப் பாட்டின் பெயர் ‘வரேன்’. மற்றவை எல்லாம் இந்தி, ஒன்று மட்டும் மராத்தி. தமிழில் இருப்பது இது ஒன்றுதான். என்னால் இன்னும் அதை முழுசாகக் கேட்க முடிவதில்லை. முதல் வரி வந்ததும் கை தானாகப் போய் நிறுத்திவிடுகிறது.

நாங்கள் கோயம்புத்தூர்க்காரர்கள். கணவருக்குப் பிம்பிரியில் தொழிற்சாலை வேலை, எனக்குச் சாங்வியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை. மகன் புனேயிலேயே பிறந்து வளர்ந்தவன். வீட்டில் தமிழ் பேசுவான், எழுதவும் படிக்கவும் வராது. கல்லூரியில் படிக்கும்போது மும்பைக் கம்பெனி ஒன்று அவனையும் இன்னும் நான்கு பையன்களையும் தேர்ந்தெடுத்து ஒரு பாய் பேண்ட் ஆக்கியது. ஒரே நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு ஐந்து பேரும் ஆடிப் பாடினார்கள். எங்கள் பில்டிங் வாசலில் பெண்பிள்ளைகள் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். ஒரு நாள் வாட்ச்மேன் என்னை நிறுத்தி, “மேடம், இவங்களுக்கு டீ போட்டுக் குடுத்தாக் கடையே நடத்தலாம்” என்று இந்தியில் சொன்னது நினைவிருக்கிறது. மேடையில் என் மகன் எப்போதும் ஓரத்தில் நிற்பான். பாட்டு உச்சத்துக்குப் போகும் இடத்தில் மட்டும் இரண்டடி முன்னால் வருவான், பாடிவிட்டுத் திரும்ப ஓரத்துக்குப் போய்விடுவான்.

ஒப்பந்தம் முடிந்ததும் கம்பெனி அதைப் புதுப்பிக்கவில்லை. ஒருவன் அப்பாவின் கடைக்குப் போனான், ஒருவன் வெளிநாட்டுக்குப் படிக்கப் போனான், மற்ற இருவரும் விளம்பரங்களில் தலை காட்டினார்கள். இவன் மட்டும் தனியாக ஆல்பம் போடப்போகிறேன் என்றான். ஊரின் மறுகோடியில், கராடியில் நண்பனோடு ஒரு அறை எடுத்தான். நண்பன்தான் ஒலிப்பதிவு செய்பவன். வெளிச்சத்தம் உள்ளே வராமலிருக்கச் சுவர் முழுக்கக் கம்பளிப் போர்வைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். வெயில் காலத்திலும் அந்தப் போர்வைகளுக்கு நடுவே, ஃபேனை நிறுத்திவிட்டு, வியர்வை வழியப் பாடினார்கள்.

அந்தத் தமிழ்ப் பாட்டு என்னிடமிருந்து போனது. சின்ன வயதில் பள்ளிக்கூடம் கிளம்பும்போது வாசலில் நின்று, “போறேன்மா” என்பான். நான் ஓடி வந்து பிடித்துக்கொள்வேன்.

“போறேன்னு சொல்லக்கூடாது கண்ணு. வரேன்னு சொல்லோணும்.”

“நான் போறேன்தானே? எதுக்கு வரேன்னு பொய் சொல்லணும்?”

எதிர் வீட்டு மராத்திக்காரம்மாவைக் காகு என்று கூப்பிடுவான். அவன் நியாயம் கேட்டு அவரிடம் போனால் அவரும் அதையேதான் சொன்னார். மராத்தியிலும் கிளம்பும்போது ‘ஜாதோ’, அதாவது போகிறேன், என்று சொல்ல மாட்டார்கள். ‘யேதோ’ என்பார்கள், வருகிறேன் என்று அர்த்தம். இரண்டு வீட்டிலும் தோற்றுப் போனவன் அன்றிலிருந்து வாசலில் நின்று, “வரேன்மா, யேதோ காகு” என்று இரண்டு பேருக்கும் சேர்த்துக் கத்திவிட்டு லிஃப்டுக்கு ஓடுவான்.

அதைத்தான் பாட்டாக்கினான். தேவநாகரி எழுத்தில் தமிழை எழுதி, சந்தேகம் வந்த இடங்களில் எனக்குக் குரல் பதிவு அனுப்புவான். மதிய இடைவேளையில் ஸ்டாஃப் ரூமில் காதோடு வைத்துக் கேட்பேன். ‘கதவைச் சாத்தாதே, வரேன். வழி கொஞ்சம் நீளம், வரேன்.’ வழி அவன் வாயில் வளியாகத்தான் வந்தது. எத்தனையோ தரம் பாடிப் பார்த்தான். அந்த எழுத்து அவன் நாக்கில் உட்காரவே இல்லை.

ஆல்பம் ஒரு வெள்ளிக்கிழமை வெளிவந்தது. காகு சர்க்கரை கொண்டுவந்து என் வாயில் போட்டார். அன்று மாலைக்குள் பேச்சு ஆரம்பித்துவிட்டது. பழைய பேண்டின் ரசிகர்கள், மற்ற நால்வர் இல்லாமல் இது பாட்டே இல்லை என்றார்கள். ‘ஓரத்தில் நின்றவனை நடுவில் நிறுத்தினாலும் ஓரமாகத்தான் தெரிகிறான்’ என்று ஒருவர் எழுத, அதை ஆயிரக்கணக்கானவர்கள் பகிர்ந்தார்கள். தமிழ்க்காரர்கள் ‘வளி’யை வெட்டி எடுத்து, ஆட்டுக்குட்டி கத்துவதோடு ஒட்டி ஒரு துணுக்கு செய்தார்கள். என் வகுப்புப் பிள்ளைகளே அதைப் பார்த்துச் சிரித்தார்கள், அவன் என் மகன் என்று தெரியாமல். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவனைக் கூப்பிட்டால், “பரவால்லம்மா, எல்லாரும் அப்படித்தான்” என்பான். திங்கட்கிழமைக்குள் அதையும் சொல்வதை நிறுத்திவிட்டான். “ம்” என்பான், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை காலை இடைவேளையில் அவனிடமிருந்து செய்தி வந்தது. ஆங்கில எழுத்தில் இரண்டே சொற்கள். வரேன் மா.

வீட்டுக்கு வருகிறான் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவனுக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைத்தேன். அவன் கட்டிலில் புதுப் போர்வை எடுத்துப் போட்டேன். கராடியிலிருந்து சாங்விக்கு எவ்வளவு நெரிசலாக இருந்தாலும் சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடலாம். வரவில்லை. கூப்பிட்டேன், போன் அணைந்திருந்தது. மறுபடியும் கூப்பிட்டேன். குழம்பு மேல் எண்ணெய் பிரிந்து ஆறிப்போவதைப் பார்த்துக்கொண்டு அடுப்படியில் நின்றிருந்தபோதுதான் அந்தச் சொல் என் கண்முன்னால் புரண்டது.

வரேன். கிளம்புகிறவன் வாசலில் நின்று சொல்வதும் அதுதான். நான்தான் சொல்லிக்கொடுத்தேன், போகும்போது அப்படிச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று.

கணவருக்குப் போன் செய்தேன். “ஏனுங்க, வரேன்னா வரேன்தானுங்களே?”

“என்ன உளர்றே? வரேன்னா வரேன்தான்.”

“நாம போகும்போதும் அதையேதானுங்க சொல்லுவோம்.”

இயந்திரச் சத்தத்துக்கு நடுவே அவர் யாரிடமோ பார்த்துக்கொள்ளச் சொல்வது கேட்டது. பிறகு, “கீழ வந்து நில்லு. கார் எடுத்துட்டு வர்றேன்” என்றார். சொல்லி முடித்ததும் தானே திடுக்கிட்டவர் போல, “உன்னைக் கூட்டிட்டுப் போக வர்றேன்” என்று திருத்தினார்.

வழியெல்லாம் அவன் நண்பனைக் கூப்பிட்டுக்கொண்டே போனோம். எடுக்கவில்லை. ஆற்றுப் பாலத்தில் வண்டிகள் நகராமல் நின்றபோது நான் ஜன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை. ஆகாயத்தாமரை படர்ந்த அந்தத் தண்ணீரை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அன்று டாஷ்போர்டில் இருந்த பிள்ளையாரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கணவரும் தலையைத் திருப்பவில்லை.

நண்பன் அறையில் தூங்கிக்கொண்டிருந்தான். எழுந்து வந்தவன் எங்களைப் பார்த்ததும் பயந்துபோனான்.

“காலைலயே போய்ட்டானே, ஆன்ட்டி. வீட்டுக்குன்னுதான் நினைச்சேன். சாவியைக் குடுத்து, ‘தூ ரக் லே’ன்னான். நீயே வச்சுக்கோன்னு.”

“வேற என்ன சொன்னான்?”

“அந்தத் தமிழ்ப் பாட்டை எடுத்துடலாமான்னு நேத்துக் கேட்டான். எடுக்க முடியாதுன்னேன். சரின்னுட்டான்.”

சாவி வளையத்தை நீட்டினான். அறைச் சாவி, பைக் சாவி, அவற்றோடு எங்கள் வீட்டுச் சாவியும் இருந்தது. மூக்கு நீளமான அந்தப் பித்தளைச் சாவியை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். வீட்டுக்கு வருகிறவன் வீட்டுச் சாவியை விட்டுவிட்டா வருவான்? போர்வை தொங்கிய சுவரைப் பிடித்தேன், போர்வைதான் கையோடு வந்தது. அதன் பின்னால் தேவநாகரி எழுத்தில் பாட்டு ஒட்டியிருந்தது. ‘வழி’ வரும் இடத்தில் மட்டும் எழுத்துக்குக் கீழே ஒரு புள்ளி வைத்து, அதைச் சுற்றி வட்டம் போட்டிருந்தான்.

பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். மேசை முன்னால் ஒரு பெண் கான்ஸ்டபிள் இருந்தார். செய்தியைக் காட்டினேன்.

“இதுக்கு என்ன அர்த்தம்?”

இந்தியில் சொல்லியிருந்தால் சுலபமாக முடிந்திருக்கும். வந்துகொண்டிருக்கிறேன் என்று ஒரே அர்த்தம். என் வாயில் மராத்திதான் வந்தது. “யேதோ.”

அவர் பேனாவை வைத்துவிட்டார். “யேதோ ம்ஹணாலா?” யேதோ என்றா சொன்னான் என்று மெதுவாகக் கேட்டார். அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் என் பயம் பைத்தியக்காரத்தனம் இல்லை என்று தெரிந்தது. வேறு யாராவது, இது பைத்தியக்காரத்தனம் அம்மா, வீட்டுக்குப் போங்கள் என்று சொல்ல மாட்டார்களா என்றிருந்தது. அவர் போட்டோ கேட்டார். என்ன சட்டை போட்டிருந்தான் என்று கேட்டார். நண்பன் கறுப்பு என்றான், பிறகு நீலம் என்றான், பிறகு தெரியவில்லை என்று அழுதான். மேடைச் சட்டைகள் எல்லாம் எனக்கு நிறம் நிறமாக நினைவிருந்தன. அன்று காலையில் போட்டிருந்த சட்டை யாருக்கும் தெரியவில்லை.

அப்போது கணவரின் போன் அடித்தது. காகு. மகள் வீட்டுக்குப் போயிருந்தவர் அப்போதுதான் திரும்பியிருக்கிறார். உங்கள் பிள்ளை ஏன் படியில் உட்கார்ந்திருக்கிறான், சாவி இல்லையா என்று கேட்டார்.

கணவர் போனை என்னிடம் கொடுத்துவிட்டு, ஸ்டேஷன் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டார். அவர் அழுது அன்றுதான் பார்த்தேன். கான்ஸ்டபிள் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது அவன் காகுவின் சோபாவில் உட்கார்ந்து பிஸ்கட்டை டீயில் தொட்டுக்கொண்டிருந்தான். பச்சைச் சட்டை போட்டிருந்தான்.

“எங்கம்மா போயிட்டீங்க? வரேன்னு மெசேஜ் போட்டேனே.”

அடிக்கத்தான் கையை ஓங்கினேன். அது அவன் தலையில் போய் உட்கார்ந்தது, அங்கேயே இருந்தது. “போதும், டீ ஆறுது” என்று காகு மராத்தியில் அதட்டினார்.

அன்று நான் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் குழம்பைச் சுடவைத்து அவனுக்குப் போடும்போது கேட்டேன்.

“எந்த வரேன்டா அது?”

உடனே புரிந்துகொண்டான். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

“டைப் பண்ணும்போது எனக்கே தெரியலம்மா.”

“தெரியலன்னா?”

“போனை ஆஃப் பண்ணிட்டுப் பஸ் ஸ்டாப்ல நின்னேன். நம்ம பக்கம் வர்ற பஸ் முதல்ல வந்துது. ஏறிட்டேன். நம்ம ஸ்டாப்ல இறங்க மனசில்ல, கடைசி ஸ்டாப் நிக்டி வரைக்கும் போயிட்டேன். அங்கயே ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். திரும்பி வரும்போதுதான் அது இந்த வரேன் ஆச்சு.”

“வேற பஸ் முதல்ல வந்திருந்தா?”

“கேக்காதம்மா.”

“சாவியை ஏன்டா குடுத்தே?”

“அதுல வீட்டுச் சாவி இருந்தது ஞாபகமே இல்ல. நிஜமா.”

அதை நான் நம்புகிறேன். பாதி நாட்கள் நம்புகிறேன்.

இப்போது எங்களோடுதான் இருக்கிறான். வாரா வாரம் ஒரு மனநல மருத்துவரைப் பார்க்கிறான், முதல் தடவை நாங்கள் மூவரும் சேர்ந்தே போனோம். ஆட்டுக்குட்டித் துணுக்கை எல்லாரும் மறந்துவிட்டார்கள். ஆல்பத்தையும் மறந்துவிட்டார்கள், அது வேறு விஷயம். தமிழ்ப் பாட்டை மட்டும் யாரோ சிலர் இன்னமும் கேட்கிறார்கள் என்று அவன் நண்பன் சொல்கிறான்.

நான் வீட்டில் ஒரு சட்டம் போட்டிருக்கிறேன். கிளம்புகிறவர்கள் ‘போறேன்’ என்று சொல்ல வேண்டும். ‘வரேன்’ என்பது வீட்டுக்கு வருவதற்கு மட்டும். கணவர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. “வெளிய கிளம்பறப்ப போறேன்னு சொன்னா நல்லாவா இருக்குது?” என்றார். மகன், “என் பாட்டை நீயே பேன் பண்ணிட்டியேம்மா” என்று சிரித்தான்.

சட்டம் போட்டது நான்தான். ஆனாலும் அவன் ஷூவை மாட்டிக்கொண்டு, “போறேன்மா” என்னும்போது பிடித்து நிறுத்திச் சொல்லித் திருத்த வேண்டும் போல வாய்வரை வந்துவிடுகிறது. அடக்கிக்கொண்டு, “சரி, போ” என்கிறேன். அந்த இரண்டு சொற்களையும் என் வாயால் அவனிடம் சொல்வேன் என்று நான் நினைத்ததே இல்லை.

மாலையில் செய்தி வரும். வரேன் மா. உடனே கூப்பிடுவேன்.

“எந்த வரேன்?”

“வர்ற வரேன்மா. பால் வாங்கணுமா?”

வாங்கிட்டு வா என்பேன். போனை வைத்துவிட்டு, கதவைத் திறந்து போட்டு, படியில் அவன் காலடிச் சத்தம் கேட்கும்வரை நின்றுகொண்டே இருப்பேன்.