பாசியனும் தாழ்க்கட்டையும்

கண்ணுகளா, இது நான் கட்டிச் சொல்கிற கதை இல்லை. எனக்கே நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

மலை உச்சியில் ஒரு பாம்பு ஆராய்ச்சிக் கூடம். அண்ணனும் நானும் அங்கே வேலை. அந்த மலையின் ஓடைப் பாறைகளில் மட்டுமே வாழும் ஒரு குழிவிரியன் உண்டு. உடம்பெல்லாம் பாசி நிறம். பாசியன் என்போம். கடித்தால் மருந்து கிடையாது. நான்கு பாசியன்களை ஓர் அறையில், ஈரக் கல்லும் பாசியும் போட்ட கண்ணாடிப் பெட்டிகளில் வைத்திருந்தார்கள்.

அந்த அறைக்கு ஒரு சட்டம். ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே கட்டை போட்டுத் தாழிடுவார். "மூடியாச்சா?" என்று கேட்பார். "நாலும் ஆச்சு" என்றால்தான் திறப்பார். அண்ணன் இதில் படு கறார். உள்ளே எமனே மாட்டினாலும் எண்ணிவிட்டுத்தான் வெளியே வரவேண்டும் என்பார்.

அன்று மதியம் 2.05. தண்ணீர் மாற்ற உள்ளே போனேன்; அண்ணன் வெளியே கட்டை போட்டார். தகரக் கூரையில் பேய்மழை. மூன்றாம் பெட்டியைத் திறந்தபடி விட்டுவிட்டு, கிண்ணம் கழுவத் திரும்பினேன். அதுதான் நான் செய்த தப்பு.

திரும்பிப் பார்த்தால்... பாசி மட்டும் இருந்தது.

2.30. எங்கே தேடியும் அது கிடைக்காமல் கதவைத் தள்ளினேன். அசையவில்லை. தட்டினேன். கத்தினேன். உதைத்தேன்.

2.50. அந்த மழையிலும் காதோரம் கேட்பது போல் அண்ணன் குரல்.

"மூடியாச்சா?"

பயத்தில் பொய் சொன்னேன். "நாலும் ஆச்சு."

கதவில் காதை வைத்தேன்.

"பொய் சொல்லாத, பாப்பா. மேல பாரு."

பார்த்தேன்.

கதவின் மேல்சட்டத்தில்... என் தலைக்கு ஒரு சாண் மேலே... நாக்கு.

பின்வாங்கினேன். கொக்கிக் கம்பியை எடுத்தேன்.

இரண்டு முறை நழுவியது.

மூடி... டக்.

"நாலும் ஆச்சுண்ணா..."

கதவு தானாகத் திறந்தது. 3.10.

வெளியே யாரும் இல்லை. அண்ணனின் முக்காலி கவிழ்ந்து கிடந்தது. கட்டையைக் காணோம்.

சாயங்காலம் எங்கள் கூடத்து ஜீப் டிரைவர் வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. 2.15க்கு அண்ணனுக்கு நெஞ்சுவலியாம். எனக்குக் குரல் கொடுத்துவிட்டு, கட்டையை உருவிவிட்டு, அவரைத் தூக்கிப்போனானாம். மழையில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. மலைப்பாதையின் இரண்டாவது வளைவிலேயே, 2.30க்கு, உயிர் போய்விட்டது.

"கதவு தாழில்லாமத்தான்க்கா இருந்துச்சு. ஆனா அந்தக் கட்டைய எங்கிட்டேருந்து பிடுங்கிக்கிட்டாரு. செத்த பிறகும் விடல. ஆஸ்பத்திரில நாலு பேர் இழுத்தும் வரல. அப்புறம் தானா விரல் விரிஞ்சுது."

எத்தனை மணிக்கு என்று நான் கேட்கவில்லை. அவனே சொன்னான்.

"மூணு பத்துக்கு, அக்கா."