வீட்டு வரிசை

யாரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை நான். கடைக்காரர் தராசைத் தூக்கினால் என் கண் அவர் விரலில்தான் இருக்கும். எண்பதுகளில் ஜார்ஜ்டவுனில் ஆசிரியையாக இருந்துகொண்டே, சனிக்கிழமைகளில் ஒரு சின்ன சங்கத்துக்காகக் கடல் தாண்டி அக்கரைத் தோட்டக்காரர்களிடம் அலைந்தேன். பூச்சிமருந்தில்லாமல் காய்கறி போடச் சொல்லிக் கொடுப்பது, விளைந்ததைப் பட்டணத்து வீடுகளில் விற்றுக் கொடுப்பது, இதுதான் வேலை. அதற்குப் போன பிறகு என் சந்தேகம் இன்னும் முற்றிவிட்டது.

காரணம் அந்த வட்டாரத்து வழக்கம். பசாரில் விற்கப் போடும் பாத்திக்கெல்லாம் மருந்து அடிப்பார்கள். சமையலறைக்குப் பின்னால் இரண்டு வரிசை மட்டும் மருந்தே படாமல் நிற்கும். அதற்கு வீட்டு வரிசை என்று பெயர். வாய் என்ன சொன்னாலும் சரி, வீட்டு வரிசை இருந்தால் முன்பக்கம் மருந்து விழுகிறது என்று அர்த்தம்.

அக்கரையில் கெப்பாலா பத்தாஸ் பக்கம் ஒரு அக்கா மட்டும் எங்கள் பேச்சுக்கு இணங்கினார். சங்கத்தின் மேல் பிரியமெல்லாம் கிடையாது. மருந்து அடிக்கிற நாளெல்லாம் அவர் கணவருக்குத் தலை சுற்றும், வாந்தி வரும், கை நடுங்கும். ஒருமுறை பாத்தியிலேயே விழுந்துவிட்டார். இனி மருந்துப் பக்கமே போகக்கூடாது என்று கிளினிக்கில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"இவரு நல்லா இருந்தா போதும் டீச்சர். நீங்க சொல்றபடியே செய்றோம் லா," என்றார் அக்கா. வீட்டு வரிசையைக்கூடக் கலைத்துவிட்டார். எல்லாப் பாத்திக்கும் சாண எருவும் வேப்பிலைக் கரைசலும்தான்.

முதல் கத்தரிக்காய் மூட்டையைக் கணவர் மோட்டார் சைக்கிளில் கட்டி, ஃபெர்ரி ஏறி வந்து என் வீட்டு வாசலில் இறக்கினார். பாதிக் காயில் ஓட்டை. எங்கள் தெருவில் ஓர் அம்மா இருந்தார். சங்கக் கூட்டங்களில் மருந்தில்லாத உணவைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார். மேடையம்மா என்றுதான் நான் மனசுக்குள் கூப்பிடுவேன். அவர் பையைத் திறந்து பார்த்துவிட்டு என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"புழு தின்ன மிச்சத்தையா டீச்சர் நாங்க திங்கணும்?"

மற்ற வீட்டுக்காரர்களும் அதையே சொன்னார்கள். வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டு, இனி நல்லதாகப் பார்த்து அனுப்பும்படி அக்காவுக்குச் சொல்லிவிட்டேன்.

அடுத்தடுத்த வாரங்களில் காய் பளபளவென்று வந்தது. மூட்டைதான் சிறுத்துக்கொண்டே போனது. மேடையம்மாவுக்கு வாயெல்லாம் பல். நானோ ஒவ்வொரு காயாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பேருக்கு ஒரு ஓட்டைகூடவா இருக்காது? மருந்து அடிக்கிறார்கள், மீதியைப் பசாரில் தள்ளுகிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சனிக்கிழமை போய் இறங்கினேன். நேரே வீட்டுக்குப் பின்னால் போனேன். வெறும் தரை, கோழி கிளறிக்கொண்டிருந்தது. கொட்டகைக்குள் நுழைந்து மருந்து அடிக்கிற பம்பைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். வேப்பிலை நாற்றம் மட்டும்தான் வந்தது.

"என்னா டீச்சர் தேடுறீங்க?"

அக்கா சமையலறை வாசலில் நின்றார். அவர் காலடியில் கத்தரிக்காய்க் குவியல், அத்தனையும் ஓட்டை. புழுப்பட்ட பக்கத்தை அரிந்து எறிந்துவிட்டு மிச்சத்தைச் சட்டியில் சேர்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"நல்லத உங்களுக்கு அனுப்பிட்டு இத நாங்க திங்கிறோம். திங்க முடியாதது எருக்குழிக்குப் போவுது," என்றார். பிறகு என் கையிலிருந்த பம்பு மூடியைப் பார்த்தார். "ஓட்டை இருந்தா வேணாங்கிறீங்க. ஓட்டை இல்லன்னா பம்ப மோந்து பாக்குறீங்க. நான் எதத்தான் நடறது, சொல்லுங்க."

சந்தேகப்பட்டதற்காக நான் வெட்கப்படவில்லை. தப்பான வாசலில் போய்ச் சந்தேகப்பட்டதுதான் பொறுக்கவில்லை. அன்று சாயங்காலமே மேடையம்மா வீட்டுக்குப் போய் நன்றாக ஏசிவிட்டேன். ஓட்டைக் காயையும் சேர்த்து வாங்காவிட்டால் அந்த அக்காவின் கணவர் மறுபடியும் பம்பைத் தூக்க வேண்டியதுதான் என்றேன்.

"பாவம்தான். ஆனா பிள்ளைங்க சாப்பிடாது, டீச்சர். நான் என்னா செய்ய?" என்று தேத்தண்ணி கொண்டுவரப் போனார். தேத்தண்ணி வருவதற்குள் நான் படியிறங்கிவிட்டேன்.

கொஞ்ச நாளில் மூட்டை வருவது நின்றுபோனது. அடுத்த நடவு முடிந்து காய் பிடிக்கிற சமயம் நானே போனேன். சமையலறைக்குப் பின்னால் கோழியை விரட்டி, வேலி கட்டி, இரண்டு வரிசை கத்தரி நட்டிருந்தார்கள். இலையெல்லாம் பூச்சி அரித்திருந்தது. முன்பக்கம் கணவர், முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, முதுகில் பம்போடு நின்றார். ஒரு கை வேலிக் கம்பைப் பிடித்திருந்தது.

"வேணாண்ணே," என்றேன். அவர் கம்பை விட்டுவிட்டு அடுத்த பாத்திக்கு நகர்ந்தார்.

புறப்படும்போது அக்கா முன்பக்கத்துக் காயாகப் பார்த்து ஒரு பை நிறையக் கட்டிக் கொடுத்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை. நான் பின்பக்கம் பார்த்ததைக் கவனித்துவிட்டார்.

"அது வீட்டுக்கு, டீச்சர்," என்றார். "உங்களுக்கு இதான்."