கூரை யன்னலின் கைப்பிடி

எங்கள் வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் இரும்புக் கைப்பிடி ஒன்று தொங்குகிறது. விரல் நீளம். முனையில் சிவப்பு நூல் கட்டியிருக்கும். வருகிறவர்கள் கேட்டால் அண்ணையின் லொறியினுடையது என்பேன். அதற்கு மேல் சொன்னதில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவள், எழுதிப் பழக்கமும் இல்லை. ஆனால் அண்ணையும் செத்துப்போய்விட்டார். இனி நான் சொல்லாவிட்டால் சொல்ல ஆளில்லை.

எண்பதுகளின் நடுவில், ஊரை விட்டு வந்து, செயின்ட்-மிஷேல் என்ற பிரெஞ்சு கதைக்கிற இடத்தில் ஒரு நிலக்கீழ் வீட்டில் இருந்தோம். அண்ணை, மச்சாள், அவர்களின் நாலு வயது மகள், நான். எங்கள் அகதி வழக்கு முடியாமல் கிடந்தது. அண்ணை ஊரில் ஒருமுறை பிடிபட்டு வந்தவர். அதைப் பற்றி அவர் கதைத்ததில்லை, நாங்களும் கேட்டதில்லை. தபால்காரனின் சப்பாத்து யன்னலுக்கு மேலால் போனால் சாப்பிடுகிற அவர் கை அப்படியே நின்றுவிடும். திருப்பி அனுப்புவதானால் வீட்டுக்கு வந்துதான் பிடிப்பார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அன்றிலிருந்து அவருக்கு லொறி யோசனை. பிக்கப் லொறியின் முதுகில் ஏற்றி வைக்கிற சிறு வீடு. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தாங்கி எல்லாம் உள்ளேயே. மேற்கே போவோம், மாதக்கணக்கில் போய்க்கொண்டே இருப்போம் என்றார். "வீடு ஓடிக்கொண்டிருந்தா எந்தக் கதவை வந்து தட்டுவினம்?"

"ஓம், நாடு முடிஞ்சாக் கடலுக்குள்ள ஓட்டுங்கோ," என்றாள் மச்சாள்.

மூன்று வண்டிகள் பார்த்தோம். முதலாவதில் பெரிய யன்னல்கள், நல்ல வெளிச்சம். எனக்குப் பிடித்தது. அண்ணை உள்ளேயே ஏறவில்லை. இரண்டாவதுக்குப் பின்கதவு மட்டும். "ஒரு வாசல் உள்ள இடத்திலை நான் படுக்கமாட்டன்," என்றார். மூன்றாவது பக்கத்து ஊரான லொங்கேயில் ஒரு பிரெஞ்சுக் கிழவரின் வளவில் நின்றது. பழசு. ஆனால் யன்னல்கள் உள்ளங்கையளவு. சாரதி இருக்கைப் பக்கம் புகுந்து போக ஒரு துவாரமும் இருந்தது. அண்ணை என்னைப் புகுந்து காட்டச் சொன்னார். மூன்று தரம் புகுந்தேன். எஞ்சினைப் பார்க்காமல் தங்கையைத் துவாரத்துக்குள் விட்டுப் பார்க்கிறவனைக் கண்டு கிழவருக்குச் சிரிப்பு. எங்களுக்குப் பிரெஞ்சு தெரியாததால் எல்லாவற்றையும் கையால் சொல்லித் தந்தார். கூரையில் ஒரு சிறு யன்னல். கைப்பிடியைச் சுழற்றி அதைத் திறந்தார். அடுப்பைக் காட்டினார், யன்னலைக் காட்டினார். பேந்து யன்னலை மூடி, தொண்டையைப் பிடித்து, நாக்கைத் தள்ளி, படுக்கையில் விழுந்து செத்துக் காட்டினார். மகள் கைதட்டினாள். கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டியதும் அவர்தான், தொலையாமல் இருக்கட்டுமென்று. "நல்ல கூத்துக்காரன்," என்றார் அண்ணை.

ஒரு மாதம் அந்த வண்டியை ஒழுங்குபடுத்தினோம். அரிசி மூட்டைகளைப் படுக்கைக்குக் கீழே அடுக்கியதில் பின்பக்கம் பதிந்து முன்பக்கம் தூக்கிக்கொண்டது, பாதியை இறக்கினோம். நான் வேலை செய்த தையல் தொழிற்சாலையில் மிஞ்சிய கறுப்புத் துணியில் இரட்டைத் திரை தைத்தேன். வெளிச்சம் ஒரு நூலளவும் வெளியே போகக்கூடாது என்பது அண்ணையின் சட்டம். ஊரில் இருட்டில் ஒரு கீற்றுத் தெரிந்தால் அந்த வீட்டுக்குத் துப்பாக்கிச் சூடு விழும். எந்தத் தமிழ்ச் சனத்துக்கும் அது தெரியும். அந்தப் பயத்தில் சுவரிலிருந்த காற்றுத் துவாரங்களைப் இடுப்பில் கட்டுகிற பழைய சாரத்தைக் கிழித்து அடைத்தார். கூரை யன்னலை மூடி, ஒருவரும் திறக்காதபடி கைப்பிடியைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கிழவர் செத்துக் காட்டியது எனக்கு ஞாபகம் வந்தது. சொல்லவில்லை. அண்ணை செய்த வேலையில் குறை சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

மார்கழியில் ஒரு ஞாயிறு மத்தியானம் பரீட்சை பார்த்தோம். துறைமுகப் பக்கம் ஒரு வெறும் வளவில் நிறுத்தி, திரையெல்லாம் இழுத்துவிட்டு, மச்சாள் சோறு போட்டாள். வெளியே பனி. உள்ளே அடுப்பின் சூடு இதமாக இருந்தது. மகள் படுக்கையில் நித்திரையாகிவிட்டாள். எனக்குத் தலை இடித்தது. மச்சாள் தனக்கு வயிற்றைப் பிரட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தாள். அப்போது கதவை யாரோ தட்டினார்கள்.

அண்ணை திரையை மயிரளவு விலக்கிப் பார்த்தார். "உடுப்புக்காரன்." சீருடை போட்டவர்களை ஊரில் அப்படித்தான் சொல்வோம். நாங்கள் மூச்சுவிடவில்லை. மீண்டும் தட்டு. நான் மகளை அணைத்துக்கொள்ளத் தூக்கினேன். தலை என் கையில் துவண்டு விழுந்தது. கன்னத்தில் தட்டினேன். கண் திறக்கவில்லை. "அண்ணை, பிள்ளை எழும்புறாளில்லை," என்றேன். அவர் என் வாயைப் பொத்தினார். என் அண்ணைதான், ஆனால் அந்தக் கண்கள் என்னைப் பார்க்கவில்லை; வேறெங்கோ, வேறு ஒரு கதவைப் பார்த்துக்கொண்டிருந்தன. "சத்தம் போடாதை. போயிடுவான்." சப்பாத்துச் சத்தம் உண்மையாகவே திரும்பிப் போகத் தொடங்கியது. அவன் போய்விடுவான் என்ற பயம் அப்போதுதான் எனக்கு வந்தது. வாழ்க்கையில் முதல்தரம் ஓர் உடுப்புக்காரன் போகக்கூடாது என்று பயந்தேன். அண்ணையின் கையைக் கடித்தேன். இரத்தம் வாயில் உப்பாகப் பட்டது. கதவை உதைத்துத் திறந்தேன்.

அவன் துறைமுகக் காவலாளி. அங்கே வண்டி நிறுத்தக்கூடாது என்று சொல்ல வந்தவன். பிள்ளையைக் கண்டதும் பறித்துக்கொண்டு பனிக்குள் ஓடினான். மச்சாளை நான் இழுத்து இறக்கினேன். அவன் தன் கோட்டால் பிள்ளையைச் சுற்றி முதுகைத் தேய்த்தான். எவ்வளவு நேரமென்று தெரியாது. பிள்ளை இருமினாள், சத்தி எடுத்தாள், அழுதாள். அவன் உள்ளே போய் அடுப்பை அணைத்தான். அடைத்திருந்த சாரத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தபடி பிரெஞ்சில் ஏசினான். பெயரும் கேட்கவில்லை, பேப்பரும் கேட்கவில்லை. எங்கள் எல்லோரையும் தன் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விட்டான்.

அங்கே சுவரோரம் போட்டிருந்த வாங்கில் குந்தியிருந்தபோது அண்ணை பையிலிருந்து கைப்பிடியை எடுத்து என் மடியில் வைத்தார். "இது உன்னட்டை இருக்கட்டும். என்னை நம்பாதை," என்றார்.

அடுத்த வருசம் கடிதம் வந்தது. இந்த நாட்டிலேயே இருக்கலாம் என்றார்கள். ஆனாலும் அண்ணை பயணம் போவதை விடவில்லை. கோடை வந்தால் எங்காவது கிளம்புவார். கிளம்புமுன் என் வாசலுக்கு வந்து கையை நீட்டுவார். என் பல்லுத் தழும்பு உள்ள கை. கொடுப்பேன். திரும்பி வந்ததும் முதல் வேலை கைப்பிடியை ஆணியில் கொழுவுவதுதான். வண்டி துருப்பிடித்து உடைக்கப் போனபோதும் இது என்னிடமே இருந்தது.

இப்போது எனக்கு இந்த நாட்டுப் பிரசை என்ற பேப்பர் உண்டு. கதவு தட்டப்பட்டால் இன்றைக்கும் முதலில் மூச்சைப் பிடிக்கிறேன். பேந்து ஆணியில் இருக்கிற கைப்பிடியைத் தொடுகிறேன். பேந்துதான் கதவைத் திறக்கிறேன்.