குடைக்கம்பியில் வந்த குரல்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் துணிகளுக்கு இஸ்திரி போடுவது அவள் வேலை. ஆனால் குடியிருப்பில் எல்லாருக்கும் அவள் ‘குடையக்கா’. வீட்டில் அவளிடம் கேட்கவும் பேசவும் கூடிய ஹாம் ரேடியோ இருந்தது; கையில் எது அகப்பட்டாலும் அதற்கு ஆன்டெனா ஆக்கிவிடுவாள். சைக்கிள் சக்கரம், அலுமினிய ஏணி, துணி கிழிந்துபோன குடை, எதையும் விட்டதில்லை.

செய்ததோடு ஓயவும் மாட்டாள். மொட்டைமாடியில் அளவு பார்த்து இழுத்துக் கட்டிய செம்புக்கம்பி ஒன்று இருந்தது. அதிலும் புதிதாகச் செய்ததிலும் மாற்றி மாற்றிப் பேசுவாள். எதில் பேசுகிறாள் என்று மட்டும் சொல்லமாட்டாள். தீவில் வானிலை நிலையத்தில் வேலைபார்த்த தம்பி, கேட்டு மார்க் போடுவான்.

“கிணத்துக்குள்ளேருந்து பேசற மாதிரி இருக்கு. குடைதானே?”

“வாயை மூடு. மார்க்கைச் சொல்லு.”

“பத்துக்கு மூணு. அதுலயும் ஒண்ணு, அக்காவாச்சேன்னு போட்டது.”

ஒரு மழைக்காலத்தில் அவனுக்கு நெஞ்சுவலி வந்தது. கடல் கொந்தளித்ததால் படகு போகவில்லை. கூட வேலைபார்த்தவர் மைக்கை அவன் வாயருகே பிடித்துக்கொள்ள, மதியம் முழுக்க அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் காற்றுக்குச் செம்புக்கம்பி அறுந்தது.

மிச்சமிருந்தது பால்கனிக் கூரைக்கடியில் தொங்கிய குடைதான். அதற்கு மாற்றினாள். இரைச்சலுக்குள் “அக்கா” என்பது மட்டும் காதில் விழுந்தது. மறுபடி கேட்டாள், மறுபடியும் அவ்வளவுதான். குடையின் லட்சணம் அவளுக்குத் தெரியாததா?

“இருடா, கம்பியைக் கட்டிட்டு வந்துடறேன்” என்று மழையில் மாடிக்கு ஓடினாள். முறுக்கி இணைத்த இடம் இரண்டு தடவை நழுவியது.

திரும்பி வந்து மாற்றியபோது குரல் துல்லியமாகக் கேட்டது. ஆனால் அது தம்பியின் குரல் இல்லை.

“இப்பதான்க்கா... போயிட்டாரு. நீங்க சொன்னது அவருக்குக் கேட்டுச்சு. ‘மாடியில வழுக்கி விழுந்து தொலைக்கப் போறா’ன்னு சிரிச்சாரு. அப்புறம் ‘வந்துட்டாளா, வந்துட்டாளா’ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு.”

அடுத்த வாரம் தம்பி மனைவி வந்தாள். “கடைசியா உங்ககிட்ட என்ன சொன்னாரு, அண்ணி?”

அவள் மறைக்கவில்லை. “கூப்பிட்டான். நான் அங்க இல்லம்மா. நல்லாக் கேக்கணும்னு எழுந்து போயிட்டேன்.”

தம்பி மனைவி, “நானா இருந்தாலும் போயிருப்பேன்” என்றாள். சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.