விரலுக்குத் தெரிந்த தங்கை

மனவியல் ஆய்வுக்கூடத்தில் புள்ளிவிவரக் கணக்குப் பார்க்கும் அவளுக்குச் 'சராசரி' என்று பட்டப்பெயர். டீ நன்றாக இருக்கிறதா என்று கேட்டால்கூட, "ஒரு தடவை குடிச்சா சொல்ல முடியுமா?" என்பாள்.

திரையில் ஒரு முகம் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் மின்னி மறையும். எதிரே இருப்பவர் எதையும் பார்க்கவில்லை என்று சத்தியம் செய்வார். ஆனாலும் அடுத்த படத்துக்குப் பொத்தானை அழுத்தும்போது அவர் விரலின் வேகம் மாறும். அது தற்செயலா, மனம் தன்னையறியாமல் எதையோ கண்டுகொண்டதா என்று எண்களால் பிரித்துச் சொல்வது அவள் வேலை.

அம்மா போனபின் அவளை வளர்த்தவள் அக்கா. மூளைக்காய்ச்சலில் பிழைத்தெழுந்த அக்காவுக்கு மனிதர்கள் மறந்துபோனார்கள். கதவைத் திறந்து, "யாரைப் பாக்கணும்?" என்றாள். தங்கை செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

அக்காவை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப்போனாள். அந்நிய முகங்களுக்கு நடுவே தன் முகத்தையும் மின்னவிட்டாள்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலைங்களே," என்றாள் அக்கா.

அவள் முகத்தின் பக்கம் எண்கள் லேசாகத்தான் சாய்ந்தன. தாமதமான அழுத்தல்களை நீக்கிப் பார்த்தாள், வித்தியாசம் பளிச்சென்று வந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நீக்கியவற்றைத் திரும்பச் சேர்த்தாள். கூட வேலை செய்யும் தோழியிடம் போனாள்.

"எனக்கு ஆசை கண்ணை மறைக்குது. எதைச் சேர்க்கணும், எதை விடணும்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டு, நீயே சோதனையைப் புதுசா பண்ணு."

மறுவாரம் தோழி ஓடிவந்தாள். "ஏய் சராசரி, இது தற்செயல் இல்லடி! உன் முகம் வந்தா மட்டும் அவங்க விரல் முந்துது."

தங்கை கழிப்பறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

விஷயம் அக்கா கணவருக்குத் தெரிந்தது. "எனக்கும் பண்ணிப் பாரேன்மா," என்று சவரம் செய்து, புதுப் படம் எடுத்துக்கொண்டு வந்தார். அவர் முகத்துக்கு அக்காவின் விரல் முந்தவில்லை.

"தெரியலைன்னு வந்தா இல்லைன்னு அர்த்தமில்ல மாமா. சோதனைக்கு எட்டலை, அவ்வளவுதான்."

"அப்ப இன்னொரு தடவை?"

வேண்டியது கிடைக்கும்வரை திரும்பத் திரும்பச் செய்தால் அது சோதனையே இல்லை. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு, "அடுத்த மாசம் பாக்கலாம் மாமா," என்றாள்.

அவர் வெளியே காத்திருந்த அக்காவிடம் போய், "கிளம்பலாமா?" என்றார்.

"நீங்க எந்தப் பக்கம் போறீங்க?"

"நீங்க போற பக்கம்தான்," என்று பையை வாங்கிக்கொண்டார்.